ஜாஸ் ரசிகர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் முடிவானபடி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்கள் யாவும் அமெரிக்க ஜாஸ் குழுவான டேவ் புரூபெக் நால்வர் குழுவுக்கே ஒதுக்கப்பட்டன. வருடம் முழுக்க ஒரே குழுவா என்று முணுமுணுத்தவர்கள்தான் கடைசிக் கூட்டம் வரை தவறாமல் வந்தார்கள்!

1951இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய குழு இது. பியானோ புரூபெக், ஆல்டோ சாக்சஃபோன் பால் டெஸ்மண்ட். 1956இல் டிரம்ஸுக்கு ஜோ மொரெல்லோவும் 1958இல் பாஸுக்கு யூஜின் ரைட்டும் சேர்ந்த பிறகுதான் குழு களைகட்டியது. முந்தைய பதிவுகளை ஒரே கூட்டத்தில் முடித்துக்கொண்டோம்.

அதிக நேரம் பிடித்தது 1959இல் வந்த 'டைம் அவுட்' இசைத்தட்டு. ஜாஸ் என்றாலே நாலு எண்ணிக்கை என்றிருந்தபோது ஐந்திலும் ஒன்பதிலும் வாசித்தார்கள். எல்லாம் சொந்த மெட்டு, அட்டையில் நவீன ஓவியம். கொலம்பியா நிறுவனத்தின் விற்பனைப் பிரிவுக்கு நம்பிக்கையே இல்லை. கடைசியில் பத்து லட்சம் பிரதிகள் விற்றது. மிருதங்கம் பயிலும் உறுப்பினர் ஒருவர், அதிலுள்ள ஐந்து எண்ணிக்கை மெட்டான 'டேக் ஃபைவ்' ஓடும்போது தொடையில் தட்டிக் காட்டினார்: நம் இசையில் ஐந்து எண்ணிக்கையான கண்டம் வழக்கமாக 'தக தகிட', இங்கே 'தகிட தக'. ஒன்பது எண்ணிக்கை மெட்டான 'புளூ ரோண்டோ'வில் 'தக தக தக தகிட' மூன்று முறை வரும், நாலாவது சுற்றில் 'தகிட தகிட தகிட'. அங்கேதான் கைகள் எல்லாம் தடுமாறின.

அந்த ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தை 1958 சுற்றுப்பயணத்தில் இஸ்தான்புல் தெருக் கலைஞர்களிடம் கேட்டார் புரூபெக். அதே பயணத்தில் சென்னைக்கும் வந்து, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்திருக்கிறார்கள். இதைச் சொன்னதும் பேச்சு ஜாஸை விட்டு, அவருடைய மிருதங்க மரபான புதுக்கோட்டை பாணிக்குப் போய்விட்டது. நானும் தடுக்கவில்லை.

ரைட் கறுப்பினத்தவர் என்பதால், 1960இல் அமெரிக்காவின் தென் மாநிலக் கல்லூரிகள் பல நிகழ்ச்சிகளை ரத்து செய்தன. ஆளை மாற்றினால் மேடை உண்டு என்றபோது புரூபெக் மறுத்து, வருமானத்தை விட்டார். தாளப் புதுமையை மட்டும் பேசுபவர்கள் இதை விட்டுவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

குழு 1967 இறுதியில் கலைந்தது. 1977இல் மறைந்த டெஸ்மண்ட், 'டேக் ஃபைவ்' உள்ளிட்ட தன் படைப்புகளின் உரிமைத்தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார்.

அடுத்த ஆண்டுக்கு மாடர்ன் ஜாஸ் குவார்டெட், ஆர்ட் பிளேக்கியின் ஜாஸ் மெசஞ்சர்ஸ் என இரு பெயர்கள் முன்மொழியப்பட்டுள்ளன. தேநீருக்கு அப்புறம் வாக்கெடுப்பு. இப்போது பொருளாளர் வரவு செலவுக் கணக்கை வாசிப்பார்.