நாற்பதில் ஓய்வு கேட்கும் உன் மகளுக்காக

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆட்குறைப்புப் பட்டியலில் உன் பெயர் இல்லை என்று படித்த பிறகுதான் மற்ற பக்கங்களில் மனம் சென்றது. உன் மென்பொருள் குழுவில் பாதிப் பேரை அனுப்பிவிட்டு, அவர்கள் பார்த்த வேலையையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்கிறாய். தப்பித்ததற்கு இதுதான் சன்மானம் போலிருக்கிறது. முதுகுவலியைப் பற்றி ஒரே வரி எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய். நான் தாண்டவில்லை, கடைசியில் வருகிறேன்.

என் பக்கத்துச் செய்தி: இனி வாரத்துக்கு மூன்று நாள் மட்டுமே அறுவை அரங்குக்குப் போவதாக முடிவு செய்துவிட்டேன். இரவு அழைப்புகளும் பாதியாகிவிட்டன. துறைத் தலைவர் முகத்தைச் சுளித்தார். ஆனால் மயக்க மருத்துவர் கிடைப்பது எவ்வளவு பாடு என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், கையெழுத்துப் போட்டுவிட்டார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உன் மகள் எனக்குத் தனியாக எழுதியிருந்தாள். "பெரியம்மா, நாற்பது வயதுக்குள் சம்பளத்துக்காக வேலை செய்யத் தேவையில்லாத நிலைக்கு வந்துவிட வேண்டும். மருத்துவமா, கணினியா, எது சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்?" என்று கேட்கிறாள். அவள் வயதில் நமக்கு ஒரு வேலை கிடைத்தால் போதும் என்றிருந்தது. இவள் உள்ளே நுழையும் முன்பே வெளியேறும் வாசல் எந்தப் பக்கம் என்று விசாரிக்கிறாள். முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. பிறகு, உன் அலுவலகத்தில் நடப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண் வேறு எதைக் கேட்பாள் என்று தோன்றியது. அவளுக்குப் பதில் எழுதும் முன் உன்னிடம் பேசிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. ஓராண்டுச் செலவைப்போல் 25 மடங்கு கையில் சேர்ந்துவிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்வது உனக்குத் தெரியும். அந்தக் கணக்குக்கு ஆதாரம், வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994இல் எழுதிய கட்டுரை. சேமிப்பில் முதல் ஆண்டு 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கு ஏற்ப அந்தத் தொகையைக் கூட்டிக்கொண்டே போனாலும் 30 ஆண்டுகள் தாங்கும் என்று பழைய சந்தை விவரங்களை வைத்து அவர் காட்டினார். 1998இல் டிரினிட்டி பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் மூவரும் ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தார்கள். 30 ஆண்டு என்பது அறுபதை ஒட்டி ஓய்வு பெறுகிறவருக்குச் சரி. நாற்பதில் நிறுத்துகிறவளுக்கு முன்னால் இன்னும் ஐம்பது ஆண்டு கிடக்கும். போதாக்குறைக்கு அது அமெரிக்கச் சந்தையின் கணக்கு. உன் மகள் 30 மடங்கு, 33 மடங்கு என்று வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். இரண்டு தொழில்களை ஒப்பிட்டுப் பார்க்க 25 போதும்.

பணவீக்கம் போக ஆண்டுக்கு 5 சதவீதம் வளர்கிறது என்று வைத்துக்கொள். வருமானத்தில் கால்பங்கு சேமிக்கிறவருக்கு அந்த 25 மடங்கு சேர ஏறக்குறைய 32 ஆண்டு ஆகும். பாதியைச் சேமித்தால் 17 ஆண்டுக்குள் முடிந்துவிடும். மூன்றில் இரண்டு பங்கைச் சேமிக்க முடிந்தால் பத்தே ஆண்டு. இதில் சம்பளம் எவ்வளவு என்ற பேச்சே இல்லை என்பதைப் பார். வரவுக்கும் செலவுக்கும் நடுவிலுள்ள இடைவெளியும், அது எந்த வயதில் தொடங்குகிறது என்பதும்தான் எல்லாம்.

அந்த "எந்த வயதில்" என்ற இடத்தில்தான் என் தொழில் அடி வாங்குகிறது. இந்தியாவில் பயிற்சி ஆண்டையும் சேர்த்து எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, அதன்மேல் சிறப்புப் படிப்பான எம்டி மூன்று, உயர்சிறப்புக்கு இன்னும் மூன்று. அமெரிக்காவில் கல்லூரி நான்கு, மருத்துவக் கல்லூரி நான்கு, பிறகு துறையைப் பொறுத்து மூன்றிலிருந்து ஏழு ஆண்டு உறைவிடப் பயிற்சி. எந்த வழியில் போனாலும் முழுச் சம்பளத்தைத் தொடும்போது பெரும்பாலும் முப்பதை ஒட்டியோ தாண்டியோ இருப்பார்கள். உன் முதல் சம்பளம் வந்த மாதம் நினைவிருக்கிறதா? எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தாய். நான் அப்போது மகப்பேறு வார்டில் இரவெல்லாம் நின்றுவிட்டு, காலையில் அப்பாவின் பணத்தில் புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பத்து ஆண்டின் விலை என்ன என்று ஒருநாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஒருத்தி 22 வயதில் தொடங்கி ஆண்டுக்கு 4 பங்கு என்று பத்து ஆண்டு சேமித்துவிட்டு, 32இல் சேமிப்பதையே நிறுத்திவிடுகிறாள். போட்டது அதே 5 சதவீதத்தில் வளர்கிறது. இன்னொருத்தி 32இல் தொடங்குகிறாள். 42 வயதில் இருவரும் சமமாக நிற்க வேண்டுமென்றால் இரண்டாமவள் ஆண்டுக்கு ஆறரைப் பங்கு போட வேண்டும். முதலாமவள் நிறுத்தாமல் தொடர்ந்திருந்தால் பத்தரைப் பங்கு போட்டால்தான் எட்டிப் பிடிக்கலாம். கல்விக்கடன் இருந்தால் அதற்கும் மேலே. ஆக, தேதி ஒன்றுதான் கேள்வி என்றால் விடை கணினிதான். இதை உன் மகளிடம் மழுப்பாமல் சொல்லிவிடப் போகிறேன்.

ஆனால் அந்த விடையில் ஓர் ஓட்டை இருக்கிறது. 22இல் தொடங்கி வருமானத்தில் பாதியைச் சேமிக்கும் மென்பொருள் பொறியாளர் 39இல் முடித்துவிடுவார். அதே வயதில் தொடங்கி கால்பங்கு மட்டும் சேமிக்கிறவருக்கு 54 ஆகிவிடும். 32இல் தொடங்கும் மருத்துவர் அந்த முதல் பொறியாளரைவிட ஒன்றரை மடங்கு சம்பாதித்து, அவர் வாழ்வதைப் போலவே வாழ்ந்தால், சேமிப்பு மூன்றில் இரண்டு பங்காகிவிடும், 42இல் முடித்துவிடலாம். பத்து ஆண்டு பின்தங்கிப் புறப்பட்டவர் மூன்றே ஆண்டு வித்தியாசத்தில் வந்து நிற்கிறார். காகிதத்தில் பார்த்தபோது எனக்கே வியப்பாக இருந்தது.

அப்படியானால் என் துறையில் நாற்பத்திரண்டில் ஓய்வெடுத்த ஒருவரையும் நான் ஏன் பார்த்ததில்லை? காரணம் ஊரறிந்ததுதான். முப்பத்திரண்டு வயதுவரை விடுதி அறையில் கிடந்தவனுக்கு முதல் பெரிய சம்பளம் வந்ததும், இழந்த பத்து ஆண்டையும் ஒரே ஆண்டில் வாழ்ந்து தீர்க்க வேண்டும் என்ற வெறி வந்துவிடுகிறது. வீட்டுக்கடன், கார்க்கடன், போதாக்குறைக்குச் சொந்தமாக மருத்துவமனை கட்டக் கடன். டாக்டர் வீட்டுக் கல்யாணம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல நாலு பேர் தயாராக நிற்பார்கள். சேமிப்பு கால்பங்கைத் தாண்டுவதில்லை. எங்கள் கல்லூரி நண்பர்களில் நன்றாகச் சம்பாதிக்கிற பலருக்கு மாதத் தவணை கட்டுவதற்காகவே இன்னொரு மருத்துவமனைக்கு மாலையில் ஓட வேண்டியிருக்கிறது. உங்கள் துறையிலும் இது உண்டு என்று தெரியும், ஆனால் நீங்கள் இருபத்திரண்டிலேயே கொஞ்சம் அனுபவித்துவிடுவதால் அந்தப் பசி இவ்வளவு முற்றுவதில்லை என்பது என் ஊகம். தவறென்றால் திருத்து.

இனி உன் பக்கம். உங்கள் வருமானத்தில் பெரும்பகுதி நிறுவனத்தின் பங்குகளாக (ஷேர்களாக) வருகிறது. வழக்கமாக நான்கு ஆண்டில் சிறிது சிறிதாகக் கைக்கு வரும், பல இடங்களில் முதல் ஆண்டு முடியும் முன் வெளியேறினால் ஒன்றும் இல்லை. சம்பளமும் சேமிப்பும் ஒரே நிறுவனத்தை நம்பியிருந்தால் வேலை போகும் நாளில் பங்கும் சரிந்து கிடக்கலாம். 2022 நவம்பரில் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா பதினோராயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பியது, 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேர் என்று அறிவித்தது. பெரிய நிறுவனம், நல்ல லாபம் என்பதெல்லாம் அப்போது யாரையும் காப்பாற்றவில்லை. பதினேழு ஆண்டு இடையறாமல் சேமிப்போம் என்று நான் மேலே போட்ட கணக்கில் இப்படி ஓர் இடைவெளிக்கு இடமே இல்லை. ஆகவே 39 என்பதை நான் 43, 44 என்றே படிக்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு எது எதைத் தின்றுவிடும் என்றும் கேட்டிருக்கிறாள். இதில் ஜோசியம் சொல்ல எனக்குத் துணிவில்லை. துணிந்தவர்கள் பட்ட பாடு தெரியும். அந்தத் துறையின் முன்னோடியான ஜெஃப்ரி ஹின்டன் 2016இல், எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைச் சொல்லும் ஊடுகதிர் நிபுணர்களுக்குப் பயிற்சி தருவதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து ஆண்டில் கணினி அவர்களை விஞ்சிவிடும் என்றார். இன்றும் எங்கள் மருத்துவமனையில் ஊடுகதிர் அறிக்கைக்காக நான் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அவர் 2024இல் நோபல் பரிசு வாங்கியவர். அவருக்கே இந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்?

நான் அவளிடம் முக்கியமாகச் சொல்ல நினைப்பது பாதி விடுதலையைப் பற்றி. முழுவதும் விடுவது, முழுவதும் உழைப்பது என்று இரண்டே நிலைதான் அவள் மனத்தில் இருக்கிறது. என் தொழிலில் நேரத்தை அளந்து விற்க முடியும். வாரத்தில் இரண்டு நாளோ மூன்று நாளோ வேலை செய்து அன்றாடச் செலவைச் சமாளித்துவிட்டால், சேர்ந்ததைத் தொடவே வேண்டாம். 5 சதவீதத்தில் அது 14 ஆண்டில் தானாக இரட்டிப்பாகும். அதாவது இலக்கில் பாதி சேர்ந்ததுமே மூச்சு விட்டுக்கொள்ளலாம். உங்கள் துறையிலும் ஒப்பந்தப் பணி உண்டுதான். ஆனால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருகிறேன் என்று நீ சொன்னால் உன் மேலாளர் என்ன சொல்வார்? என் இடத்தில் அட்டவணையில் பெயரை மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான். உனக்குள்ள ஓர் அனுகூலம் எனக்கு இல்லை என்பதையும் எழுதுவேன்: நீ எங்கே உட்கார்ந்தும் வேலை செய்யலாம், சம்பளம் அதிகமுள்ள இடத்தில் சம்பாதித்துச் செலவு குறைந்த இடத்தில் வாழலாம். எனக்கு நாடு மாறினால் மறுபடி தேர்வு, மறுபடி உரிமம்.

இவ்வளவுக்குப் பிறகும், இந்தக் கணக்கை மட்டும் பார்த்து அவள் மருத்துவத்துக்கு வருவதை நான் விரும்பவில்லை. என்றைக்கு வெளியேறலாம் என்று நாள் எண்ணுகிறவளுக்கு அந்தப் பத்து ஆண்டு நரகமாகிவிடும். மூன்றாவது இரவுப் பணியில், அதிகாலை நாலு மணிக்கு ஒருவரின் மூச்சுக்குழாய்க்குள் குழாயை இறக்க முடியாமல் கை நடுங்கும்போது, வட்டிக் கணக்கு யாரையும் தாங்கிப் பிடிக்காது. அடுத்த முறை குழாய் சரியாக இறங்கிய நிமிடத்தில் எனக்கு வந்த சந்தோஷம்தான் பயிற்சிக் காலம் முழுவதும் என்னை இழுத்துச் சென்றது. உனக்கும் அப்படி ஒன்று இருந்திருக்கும், நீ சொல்லிக் கேட்டதில்லை. அவளுக்கு எழுது. சம்பளத்தைப் பற்றியே பேசிப் பேசி அதை நாம் இருவரும் அவளிடம் மறைத்துவிட்டோமோ என்று படுகிறது.

விண்ணப்பம் போடும் முன் ஒரு வாரம் அவளை என்னிடம் அனுப்பு. அனுமதி வாங்கி, அரங்குக்கு வெளியே உள்ள மீட்பு அறையில் உட்காரவைக்கிறேன், பார்க்கட்டும். அதேபோல் நீயும் புதிய மென்பொருளை வெளியிடும் ஓர் இரவில், எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று திரையையே பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருக்கும்போது, அவளைப் பக்கத்தில் வைத்துக்கொள். வரும்போது வீட்டு மாதச் செலவை அவளே எழுதிக் கொண்டுவரட்டும். அவள் நினைக்கும் "போதும்" எவ்வளவு என்று எனக்குத் தெரிய வேண்டும். உன்னுடையதும் கூட.

முதுகு விஷயத்துக்கு வருகிறேன். வலி காலுக்கு இறங்குகிறதா, பாதத்தில் மரத்துப்போகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் தொலைபேசியில் கூப்பிடு. இல்லாவிட்டாலும் இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டிவிட்டு, அவர் என்ன சொன்னார் என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி