நீ சொன்ன டபுள் கணக்கு

மச்சான்,

ஒன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "ஜனத்தொகைல எங்க பெங்களூரு மெட்ராஸ விட டபுள்டா"ன்னு ரொம்ப பீத்திக்கினே. எப்பலேர்ந்துடா "எங்க" பெங்களூரு, எண்ணூர்க்காரன் தானே நீ.

நம்பர் பொய் இல்ல. 2011 சென்சஸ்ல பெங்களூரு மாநகராட்சி 84 லட்சம், சென்னை மாநகராட்சி 46 லட்சம். ஆனா அந்த 46ல நீயும் இல்ல நானும் இல்ல, அப்போ நம்ம எண்ணூரு கத்திவாக்கம் நகராட்சி, மாவட்டம் திருவள்ளூர், லெட்டர்ல மட்டும் சென்னை 57. அந்தக் காலத்து வீட்டு வரி ரசீது, நகராட்சி சீல் மங்கிப் போய், அம்மா ட்ரங்க் பெட்டில இன்னும் கீது. ஒங்க ஊர்ல 2007லயே சுத்தி இருந்த நகராட்சி, கிராமம் எல்லாத்தையும் அள்ளி 700 சதுர கிலோமீட்டருக்கு மேல கோடு போட்டுட்டாங்க, நம்மாளுங்க 174லயே ஒக்காந்துனு இருந்துட்டு, தல எண்ணி முடிச்சி ஏழெட்டு மாசம் கழிச்சி அக்டோபர்ல தான் திருவொற்றியூர், மணலி, மாதவரம், நம்ம கத்திவாக்கம்லாம் உள்ள இழுத்து 426 ஆக்குனாங்க. பரீட்ச முடிஞ்சப்புறம் அடிஷனல் ஷீட் குடுத்த மாதிரி.

அதே சென்சஸ்லயே ஒட்டிக்கினு இருக்கற ஊரையும் சேத்து எண்ணுன கணக்கு ஒண்ணு கீது. அதுல நாம 86 லட்சம் சொச்சம், நீங்க 85. கொல்கத்தா மாநகராட்சி 45 லட்சம் தான், நம்மள விட கம்மி, சுத்துவட்டாரத்தோட பாத்தா 1 கோடியே 41 லட்சம். அத சின்ன ஊருன்னு சொல்லுவியா?

எங்க சித்தி மீஞ்சூர். விடியறதுக்கு முன்னாடி கும்மிடிப்பூண்டி லைன் ட்ரெயின் புடிச்சி, அன்னக்கூடைய கதவாண்ட வெச்சிக்கினு வந்து, கொருக்குப்பேட்டைல எறங்கி காசிமேட்ல மீன் எடுத்துனு போகும். கார்ப்பரேஷன் கணக்குல மீஞ்சூரு வெளியூரு, பெருநகரத்துக்கு ப்ளான் போடற சிஎம்டிஏ மேப்ல சென்னைக்குள்ள. சித்திக்கு ரெண்டும் தெரியாது, ட்ரெயின் லேட்டானா மட்டும் கத்தும்.

இன்னொண்ணு. போன வருஷம், 2025 செப்டம்பர்ல, ஒங்க ஊர அஞ்சு கார்ப்பரேஷனா பிரிச்சாங்களே, அப்போ ஒரே ராத்திரில பெங்களூரு சுருங்கிப் போச்சா? இப்போ எது பெருசுன்னு கேட்டா, ஐடி கும்பலு போற வேகத்துக்கு நீங்க தாண்டியிருப்பீங்கன்னு தான் எனக்கே தோணுது, ஆனா டபுள்லாம் சும்மா.

சித்தி பொண்ணுக்கு தை மாசம் கல்யாணம், மண்டபம் மீஞ்சூர்ல. ஊர விட்டு வெளிய வெச்சிட்டாங்கன்னு சாக்கு சொல்லாம வந்து சேரு.