கணக்குப் புத்தகத்திலிருந்து ஸ்கேன் அறைக்கு 54 ஆண்டுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்வி இணைப்பிதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு மாணவர், பி.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மருத்துவம் சார்ந்த ஆராய்ச்சிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தார். நடுவில் துறை மாறினால் இரண்டிலும் கால் ஊன்ற முடியாது, எடுத்த பாடத்திலேயே முனைவர் பட்டம் வரை போங்கள் என்று பதில் வந்திருந்தது. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். வேலை கிடைப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அந்தப் பதில் சரியாகக்கூட இருக்கலாம்; அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் ஆராய்ச்சி என்ற கணக்கில் பார்த்தால் அது தப்பு. நான் தினமும் உட்கார்ந்து வேலை பார்க்கும் மெஷினே அதற்குச் சாட்சி.

நான் சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன். டிப்ளமோதான் படித்தவள். விபத்துக் கேஸ் வந்து தலை ஸ்கேன் ஓடி முடிந்ததும், டியூட்டி டாக்டர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கேட்கும் முதல் கேள்வி, "ப்ளீட் இருக்கா மேடம்?" என்பது; மூளையில் ரத்தக்கசிவு இருக்கிறதா என்று அர்த்தம். படத்தில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் மௌஸை வைத்தால் ஒரு எண் காட்டும். தண்ணீருக்கு 0, காற்றுக்கு மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100-ஐ ஒட்டி, எலும்பு பல நூறு. 60, 70 என்று வந்தால் புது ரத்தமாக இருக்கலாம். டாக்டர் அந்த எண்ணையும் இடத்தையும் பார்த்து நியூரோ சர்ஜனுக்குப் போன் போடுவதா என்று முடிவெடுப்பார்.

சாதாரண எக்ஸ்ரே வெறும் நிழல். முன்னால் இருக்கும் எலும்பும் பின்னால் இருக்கும் எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்; மூளை தெரியவே தெரியாது. சி.டி.யில் எக்ஸ்ரே விடும் டியூபும் அதை அளக்கும் டிடெக்டரும் தலையைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொரு கோணத்திலும், ஒவ்வொரு நேர்கோட்டிலும் கதிர் மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். அந்த மொத்தங்களை வைத்து உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பிரிக்க வேண்டும். அப்படிப் பிரித்து வந்ததுதான் மௌஸ் காட்டும் எண்.

இப்படிப் பிரிக்க முடியும் என்று 1917-இலேயே ஒருவர் நிரூபித்துவிட்டார். யோஹான் ராடான் என்ற ஆஸ்திரியக் கணித அறிஞர். ஜெர்மன் மொழியில், லைப்ட்சிக் நகரத்து அறிவியல் அவையின் வெளியீட்டில் வந்தது. அவருக்கு ஆஸ்பத்திரி நினைவே இருந்திருக்காது, சுத்தமான கணிதம். லண்டன் விம்பிள்டனில் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை ஸ்கேன் செய்யப்பட்டது 1971 அக்டோபர் 1. நடுவே 54 ஆண்டுகள். கம்ப்யூட்டர் இல்லை, அதனால் தாமதம் என்பார்கள். கொஞ்சம் உண்மைதான். ஆனால் நடுவில் நடந்ததைப் பார்த்தால், ஆட்கள் ஒருவரை ஒருவர் சந்திக்காததும் அதே அளவு காரணம் என்று தெரியும்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனில் ஆலன் கார்மாக் என்று ஒரு அணு இயற்பியல் விரிவுரையாளர். அங்கே குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் இருந்த இயற்பியலாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். கதிரியக்கப் பொருள்களைப் பயன்படுத்தும் இடத்தில் தகுதி பெற்ற ஒரு இயற்பியலாளர் மேற்பார்க்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். ஊரில் அந்தத் தகுதி இருந்தவர் கார்மாக் ஒருவர்தான். அதனால் 1956-இன் முதல் பாதியில் வாரத்துக்கு ஒன்றரை நாள் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்தார். வேறு பெரிய திட்டம் எதுவும் கிடையாது. காலியிடம், சட்டம், ஒன்றரை நாள், அவ்வளவுதான்.

அங்கே புற்றுநோய்க்குக் கதிர் கொடுக்கத் திட்டம் போடுவதைப் பார்த்தார். எலும்பு, நுரையீரல், தசை எல்லாம் ஒரே மாதிரி கதிரை உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டு சார்ட்டை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தினமும் அதையே செய்பவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. வெளியிலிருந்து வந்தவருக்கு உறுத்தியது. உடம்புக்குள் எங்கே எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று வெளியிலிருந்தே அளக்க முடியாதா என்று யோசித்தார். இது நிச்சயம் பழைய கணக்காக இருக்கும் என்று நினைத்துப் புத்தகங்களில் தேடினார், கணிதக்காரர்களையும் விசாரித்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. தானே உட்கார்ந்து தீர்த்தார். ராடான் 1917-இலேயே தீர்த்துவிட்டார் என்று அவருக்குத் தெரியவந்தது 14 ஆண்டுகள் கழித்து. இது அவரே நோபல் உரையில் சொன்னது.

1957-இல் அவர் செய்த பரிசோதனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் அலுமினியம், சுற்றிலும் மரம் என்று ஒரு வட்டத் தட்டு செய்து, காமா கதிர் விட்டு அளந்து கணக்குப் போட்டார். நட்டநடுவில் மட்டும் உறிஞ்சும் அளவு கொஞ்சம் குறைவாக வந்தது. தட்டைக் கடைந்து கொடுத்தவரைப் போய்க் கேட்டால், நடுவில் ஒரு முளை வைத்திருக்கிறேன், அதன் உலோகம் கொஞ்சம் வேறு என்றார்! கார்மாக்குக்கே தெரியாமல் உள்ளே இருந்ததைக் கணக்கு கண்டுபிடித்துவிட்டது. இன்றைக்கு டாக்டருக்குத் தெரியாத ரத்தக்கட்டை நான் காட்டிக்கொடுப்பதும் அதே கணக்கை வைத்துத்தான்.

1963-லும் 1964-லும் இதை அமெரிக்காவின் பயன்பாட்டு இயற்பியல் இதழில் வெளியிட்டார். கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை. கட்டுரையின் பிரதி கேட்டு வந்தவற்றில் சுவாரஸ்யமானது சுவிட்சர்லாந்தின் பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது என்கிறார். மலையில் எவ்வளவு பனி சேர்ந்திருக்கிறது என்று பார்க்கலாமே என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. டாக்டர்களுக்குத் தோன்றவில்லை. டாக்டர்கள் எதற்குப் பயன்பாட்டு இயற்பியல் இதழைப் புரட்டப்போகிறார்கள்?

அதே 1956-இல் ரொனால்ட் பிரேஸ்வெல் என்ற ரேடியோ வானியலாளர், பட்டை பட்டையாக அளந்த அளவுகளிலிருந்து வானத்தின் படத்தைப் பெற இதே மாதிரிக் கணக்கை எழுதி வெளியிட்டிருந்தார். 1968-இல் டேவிட் டிரோசியரும் ஆரோன் க்ளூக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்து ஒரு வைரஸின் வாலை முப்பரிமாணத்தில் எடுத்தார்கள். க்ளூக்கும் கார்மாக்கும் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரே பேராசிரியரிடம் படித்தவர்கள் என்பது இன்னொரு வேடிக்கை. லாஸ் ஏஞ்சலஸில் வில்லியம் ஓல்டன்டார்ஃப் என்ற நரம்பியல் டாக்டருக்கு, பனியில் கெட்டுப்போன ஆரஞ்சுகளைப் பிரித்தெடுக்கும் மெஷின் பற்றிய பேச்சிலிருந்து யோசனை பிறந்தது. 1961-இல் ஒரு மாதிரி செய்து காட்டினார். எக்ஸ்ரே கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது.

கடைசியில் செய்து முடித்தவர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். கிராமபோன் ரெக்கார்டு விற்ற இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினீயர். யுத்தகாலத்தில் ராணுவ ரேடாரில் வேலை கற்றவர், பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. பீட்டில்ஸ் பாட்டு விற்ற பணத்தில்தான் ஸ்கேன் வந்தது என்று ஒரு கதை உலவுகிறது. பிரிட்டன் சுகாதாரத் துறையும் கணிசமாகப் போட்டதை யாரும் சொல்வதில்லை. பழைய லேத் படுக்கையில்தான் அவர் முதல் பரிசோதனையே செய்தார். ஒரு ஸ்லைஸ், அதாவது ஒரு குறுக்குவெட்டுப் படம், அளக்க ஒன்பது நாள், கணக்குப் போட கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். இப்போது நான் தலை முழுவதையும் முடிக்கும் நேரத்துக்குள் நோயாளியோடு வந்தவர் ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக்கூட முடிந்திருக்காது. மௌஸ் காட்டும் எண்ணுக்கு இவர் பெயர்தான். கார்மாக்கின் கட்டுரைகள் இவருக்குத் தெரியாது. தன் வழியில் வேறு மாதிரி கணக்குப் போட்டார். 1979-இல் இருவருக்கும் சேர்த்து மருத்துவ நோபல் கொடுத்தார்கள். இருவரில் ஒருவரும் டாக்டர் இல்லை.

ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு அறிவு தானாகவே பாய்ந்துவிடும் என்று மேடையில் பேசுகிறார்கள். இங்கே அப்படி நடக்கவில்லை. ஒரே கணக்கை ஆளாளுக்குத் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள். இன்று கூகுளில் தேடினால் கிடைக்குமே என்பீர்கள். தேட வேண்டியதன் பெயர் தெரிந்தால்தானே கிடைக்கும்? கார்மாக்கும் தேடத்தான் செய்தார்.

பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் நடந்தது என்ன என்பதற்கு நம் ஊர் உதாரணமே இருக்கிறது. ஜி.என். ராமச்சந்திரன் 1952-இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். சர் சி.வி. ராமனின் மாணவர், படிகங்களை எக்ஸ்ரேயில் ஆராய்ந்தவர். கிண்டி வளாகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தின் அமைப்பு யாருக்கும் பிடிபடாமல் இருந்த நேரம். இயற்பியல்காரருக்குப் புரதம் எதற்கு என்று அவரை யாரும் நிறுத்தவில்லை. தோல் நிலையம் கைகொடுத்தது. 1954-இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று இழைகள் பின்னிய வடிவம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். சென்னையில், தோல் பதனிடும் ஆராய்ச்சிக்குப் பக்கத்து வளாகத்தில்!

அதே மனிதர் 1971-இல், பெங்களூருக்குப் போன பிறகு, ஏ.வி. லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, எக்ஸ்ரே படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாண உருவத்தை எடுக்க ஒரு சுருக்கு வழி எழுதினார். ஒவ்வொரு கோணத்து அளவையும் முதலில் ஒரு வடிகட்டியில் போட்டுவிட்டுப் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பினால், ஃபூரியே மாற்றம் என்ற நீளமான கணக்கு தேவையில்லை, நேரம் மிச்சம். வடிகட்டாமல் பரப்பினால் படம் புகை மூட்டமாக இருக்கும். ஸ்கேன் மெஷின்களின் கணக்கு பிறகு இந்த வழிக்குத்தான் வந்தது. பாடப்புத்தகங்களில் அந்த வடிகட்டியின் பெயர் இன்றும் 'ராம்-லாக்'. எனக்கு டிப்ளமோவில் நடத்தியவர் அதை ஒரு பெயராக மட்டும் சொல்லிக் கடந்துவிட்டார். யாரோ வெள்ளைக்காரர் என்றுதான் வகுப்பில் பாதிப் பேர் நினைத்தோம்.

இப்போது வேலை விஷயத்துக்கு வருகிறேன். என் மகள் பி.எஸ்சி. இயற்பியல், எம்.எஸ்சி. பயோபிசிக்ஸ். ராமச்சந்திரன் செய்த வேலைக்கு இன்று வைத்திருக்கும் பெயர் அதுதான். ஒரு கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தாள். சான்றிதழ் சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்தவர் மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "பயோபிசிக்ஸ் இயற்பியல் ஆகாதும்மா, இணைத்தன்மை அரசாணை இருந்தா கொண்டு வாங்க" என்றார். இந்தப் பட்டம் இயற்பியல் பட்டத்துக்குச் சமம் என்று அரசு போட்ட உத்தரவு வேண்டுமாம். சரி என்று வேறு இடத்தில் உயிரியல் பக்கம் போனால், இளநிலையில் விலங்கியல் படிக்கவில்லையே என்கிறார்கள். இப்போது ஒரு நீட் கோச்சிங் சென்டரில் இயற்பியல் எடுக்கிறாள். ஆள் வராத நாளில் உயிரியலும் எடுக்கிறாள். அங்கே யாரும் அரசாணை கேட்பதில்லை.

துறை மாறினால் வேலை கிடைக்காது என்று உங்கள் பகுதியில் பதில் சொன்னவர் எழுதியிருந்தால் நான் பேனாவையே எடுத்திருக்க மாட்டேன். அது அரசாணையின் குறை. அதை அறிவின் இயல்பு மாதிரி அந்த மாணவரிடம் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புதிதாகப் பல்துறை ஆய்வு மையம் கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. கட்டிடம் திறந்து கல்வெட்டு வைத்த பிறகு உள்ளேயும் துறைக்கு ஒரு கதவாகப் பூட்டிக்கொள்வார்கள். பட்டத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், எந்தெந்தத் தாள் படித்தார் என்று பாட நிபுணர் குழு பார்த்து முடிவு செய்யட்டும். அரசாணைக்காக ஒருவர் வருடக்கணக்கில் அலைய வேண்டாம். அடுத்தது, கார்மாக்கின் ஒன்றரை நாள். கதிர் சிகிச்சைப் பிரிவில் மருத்துவ இயற்பியலாளர் இருந்தாக வேண்டும் என்று நம் நாட்டிலும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரிய விதி இருக்கிறது. ஆனால் அவர் டோஸ் கணக்குப் பார்க்கவே நேரம் போதாமல் இருப்பார். பாளையங்கோட்டையில் ஐகிரவுண்ட் மருத்துவக் கல்லூரியிலிருந்து பஸ் ஏறினால் சில நிமிடத்தில் பழைய கலைக்கல்லூரிகள், ஒவ்வொன்றிலும் கணிதமும் இயற்பியலும் நடத்தும் ஆசிரியர்கள். அவர்களில் விருப்பமுள்ளவர் வாரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வந்து சும்மா உட்கார்ந்து பார்க்க, அதைப் பணி நாளாகக் கணக்கிட்டு ஒரு உத்தரவு போட்டால் போதும். அவர்களுக்கு நாற்காலி போட இடமில்லை என்று யாராவது சொன்னால், என் கன்சோல் பக்கத்தில் ஒன்று காலியாகத்தான் கிடக்கிறது.

இப்படிக்கு,
சி.டி. ஸ்கேன் டெக்னீஷியன்,
பாளையங்கோட்டை.

(மகள் இன்னும் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பதால் என் பெயரை வெளியிட வேண்டாம்.)