துரைராஜா கண்டறிந்ததையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் பேராசிரியர் அழகையா துரைராஜா அவர்களை நினைவுகூரும் கட்டுரைகள் தமிழ்ப் பத்திரிகைகளில் வெளியாகின்றன. வடமராட்சியில் பிறந்து ஹாட்லிக் கல்லூரியில் படித்தது, கேம்பிரிட்ஜில் கலாநிதிப் பட்டம் பெற்றது, பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்தது, 1988 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தது, எரிபொருள் இல்லாத காலத்தில் சைக்கிளில் சென்றுவந்த எளிமை, 1994இல் மறைந்தது என்று அவை சொல்லும். அவர் துணைவேந்தராக இருந்தபோதுதான் 1990இல் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது என்பதையும் சிலர் மறக்காமல் எழுதுவார்கள். அத்தனையும் எழுதப்பட வேண்டியவையே. ஆனால் கேம்பிரிட்ஜில் அவர் எதைக் கண்டறிந்தார் என்று அந்தக் கட்டுரைகளில் ஒரு வரியைக்கூட நான் வாசித்ததில்லை. ஓர் அறிஞரின் அறிவை விட்டுவிட்டு அவரது பண்பை மட்டும் போற்றுவது அவருக்குச் செய்யும் முழுமையான மரியாதை ஆகாது. அந்தக் குறையை நிரப்பும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

நான் நீர்ப்பாசன வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். வன்னியின் குளக்கட்டுகளில்தான் என் வேலைக்காலம் கழிந்தது. கட்டுக்குப் போடும் மண்ணைப் பரிசோதிப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஈரப்படுத்திக் குழைத்த மண்ணைக் கண்ணாடித் தட்டில் வைத்து, கையால் உருட்டி உருட்டி நூலாக்குவோம். 3 மில்லிமீற்றர் தடிப்புக்கு வரும்போது அது வெடித்து உதிர வேண்டும். உதிராமல் மேலும் மெலிந்துகொண்டு போனால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள்; மறுபடி பிசைந்து உருட்டுவோம். சரியாக உதிர்ந்த துண்டுகளை நிறுத்து, அடுப்பில் உலர்த்தி, திரும்பவும் நிறுத்தால் அந்த மண்ணின் குணத்தைச் சொல்லும் ஓர் எண் கிடைக்கும். இந்த எண்களை வைத்துக்கொண்டு கட்டு வழுகுமா நிற்குமா என்று சொல்வதற்கு அந்நாளில் எங்களிடம் இருந்தவை அட்டவணைகளும் மேலதிகாரிகளின் அனுபவமும்தான். மண் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு அவற்றில் விடை இல்லை.

துரைராஜா தேடியது அந்த விடையைத்தான். களிமண்ணை அமுக்கி, ஒரு பக்கமாகச் சறுக்க வைத்தால், நாம் அதற்குள் செலுத்தும் சக்தியில் ஒரு பகுதி மண்துணிக்கைகளின் உராய்வில் கழிந்துபோகிறது. எவ்வளவு கழிகிறது? கயோலின் என்ற வெண்களியிலும் மணலிலும் நடத்திய பரிசோதனைகளின் தரவுகளை அவர் இந்தக் கேள்வியோடு அலசினார். மண் நெரியும்போது அதன் பருமன் சுருங்கலாம், விரியலாம். எனவே விடை சிக்கலாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் கண்டதோ மிக எளிமையான உறவு: கழியும் சக்தி, மண்துணிக்கைகள் தாங்கும் சராசரி அமுக்கத்துக்கும் மண் சறுக்கி உருக்குலைந்த அளவுக்கும் நேர்விகிதமாக இருக்கிறது. நடுவே அந்த மண்ணுக்கு உரிய ஒரேயொரு மாறிலி. பருமன் மாற்றம் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இந்த உறவை அடித்தளமாகக் கொண்டு கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களான ரோஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராஜா ஆகிய மூவரும் 1963இல் ‘ஜியோடெக்னிக்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை, மண் விசையியலின் போக்கையே மாற்றியது. கேம்பிரிட்ஜ் வழியாக ஓடும் ஆற்றின் பெயரால் ‘கேம் களி’ என்று வழங்கும், மண்ணின் நடத்தையைக் கணிக்கும் கணித மாதிரி அதிலிருந்து பிறந்தது. 1968இல் ரோஸ்கோவும் பர்லாண்ட் என்ற ஆய்வாளரும் அதைத் திருத்தி மேம்படுத்தினார்கள். ஸ்கோஃபீல்ட் பிற்காலத்தில் எழுதியபோதும் அந்தச் சக்திச் சமன்பாட்டுக்கு உரிய பெருமையைத் துரைராஜாவுக்கே கொடுத்தார்.

சமன்பாடு கிடைத்துவிட்டாலும் அதை வைத்து ஒரு முழுக் குளக்கட்டைக் கணிப்பது வேறு வேலை. அங்கேதான் இன்னொருவரின் வாழ்க்கை இதோடு வந்து சேருகிறது. ஒல்கியெர்ட் சியென்கியேவிச் 1921இல் இங்கிலாந்தில் பிறந்து, போலந்தில் வளர்ந்தவர். 1939இல் போர் மூண்டதும் அவரது குடும்பம் போலந்தைவிட்டு வெளியேறிக் கடைசியில் இங்கிலாந்து வந்து சேர்ந்தது. இடம்பெயர்ந்த பிள்ளை படித்து மேலே வந்த கதை வன்னியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவர் எடுத்துக்கொண்ட ஆய்வு, அணைக்கட்டுக்குள் விசைகள் எப்படிப் பரவுகின்றன என்பது. கணினி இல்லாத காலம். அணையின் குறுக்குவெட்டில் கட்டம் போட்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணை ஊகித்து எழுதி, பிழையைப் பார்த்து, அழித்து, திருத்தி எழுதிக்கொண்டே போக வேண்டும். ஒரு புள்ளியில் பிழையைக் குறைத்தால் பக்கத்துப் புள்ளியில் அது கூடும். பேராசிரியர் சவுத்வெல் வகுத்த முறை அது. பென்சிலையும் பொறுமையையும் நம்பிய வேலை. பிறகு ஸ்கொட்லாந்தில் அணைக்கட்டு வேலைகளிலும் ஈடுபட்டார். சேற்றில் நின்று பார்த்தவர் என்பதாலோ என்னவோ, அவருடைய கணிதம் கடைசிவரை மண்ணையும் நீரையும் விட்டு விலகவில்லை.

1961இல் வேல்ஸ் நாட்டின் சுவான்சியில் பேராசிரியரானார். அமெரிக்காவில் ரே கிளஃப் 1960இல் ‘பைனைட் எலிமென்ட்’ என்று பெயரிட்ட முறையைச் சுவான்சியில் ஒரு பெரிய ஆய்வுப் பள்ளியாகவே வளர்த்தெடுத்தார். வயலை வரம்பு கட்டிச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிப்பதுபோல, கட்டின் குறுக்குவெட்டைச் சிறு முக்கோணங்களாகவும் நாற்கோணங்களாகவும் பிரித்துவிடுவார்கள். மூலைக்கு மூலை விசைகள் சமப்படும்படி சமன்பாடுகளை எழுதினால் ஆயிரக்கணக்கில் வரும். அவற்றைக் கணினி தீர்த்துத் தரும். இந்த முறையைப் பற்றிய முதல் நூலை அவர் 1967இல் வெளியிட்டார். இன்று கணிப்பு விசையியல் என்று தனித்துறையாக நிற்பதை உருவாக்கியவர்களில் முன்வரிசையில் அவருக்கு இடம் உண்டு. 2009 ஜனவரியில் மறைந்தார்.

இருவரின் உழைப்பும் சந்தித்த இடம் 1971இல் கேம்பிரிட்ஜில் நடந்த ரோஸ்கோ நினைவுக் கருத்தரங்கு. முந்திய ஆண்டுதான் ரோஸ்கோ விபத்தில் இறந்திருந்தார். அங்கே சியென்கியேவிச்சும் சுவான்சி ஆய்வாளர் நெய்லரும் கேம்பிரிட்ஜ் மண் கோட்பாட்டைப் பைனைட் எலிமென்ட் முறைக்குள் பொருத்தும் வழியை முன்வைத்தார்கள். இன்று மண்ணைக் கணிக்கும் பெரிய மென்பொருள்களைத் திறந்தால், மண் வகை தெரிவு செய்யும் இடத்தில் கேம் களி அல்லது அதன் திருத்திய வடிவம் இருக்கும். அதற்குள் வடமராட்சியில் பிறந்த ஒருவரின் சமன்பாட்டிலிருந்து வளர்ந்த கணக்கு ஓடுகிறது.

அந்த மாதிரியை எங்கும் அப்படியே போட்டுவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மென்மையான களிக்குத்தான் அது நன்றாகப் பொருந்தும். உருளை ஓட்டி இறுக்கிய கட்டு மண்ணுக்கும் மணலுக்கும் வேறு திருத்தங்கள் தேவை. அந்த வேலையில் சியென்கியேவிச் தம் முதுமை வரை ஈடுபட்டிருந்தார். 1971 பெப்ரவரியில் கலிபோர்னியாவில் நிலநடுக்கம் வந்தபோது, கீழ் சான் பெர்னாண்டோ மண் அணையின் நீர்ப்பக்கச் சரிவு உச்சியோடு சேர்ந்து வழுகி நீருக்குள் இறங்கியது. எஞ்சிய மண் ஒன்றரை மீற்றர் அளவில்தான் நீருக்கு மேலே நின்றது. கீழே குடியிருந்த சுமார் 80,000 பேரை அப்புறப்படுத்தினார்கள். விந்தை என்னவென்றால், நிலம் ஆடி ஓய்ந்த பிறகுதான் கட்டு வழுகியது. மண்துளைகளுக்குள் ஏறிய நீரழுத்தம் உள்ளே இடம்மாறிப் பரவ நேரம் எடுத்ததே காரணம் என்பதைச் சியென்கியேவிச் குழுவினரின் கணிப்புகள் காட்டின. மண்ணை ஒரு கணக்காகவும் நீரை வேறொரு கணக்காகவும் பார்த்திருந்தால் அது பிடிபட்டிருக்காது.

எங்களுக்கு நிலநடுக்கம் பெரிய பயம் இல்லை. ஆனால் நீரழுத்தம் எங்கள் பிரச்சினைதான். மாரியில் நிறைந்து நிற்கும் குளத்தில் நீர்மட்டம் சடுதியாக இறங்கினால், கட்டின் உட்பக்கத்தில் ஊறிய நீர் அதே வேகத்தில் வடியாது. வெளியே தாங்கிக்கொண்டிருந்த நீர் போய்விடும். உள்ளே அழுத்தம் நிற்கும். அலைகரைச் சரிவு வழுகுவது அப்போதுதான். இரணைமடுக் குளம் 36 அடிக்கு நிறைந்து வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களில் பத்திரிகைகள் அடிக்கணக்கை மட்டுமே போடுகின்றன. முத்தையன்கட்டு, வவுனிக்குளம், அக்கராயன் எதுவானாலும் அதே கதைதான். அந்த நேரத்தில் கட்டுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால், துருசையும் கதவையும் ஏன் நிதானமாக இயக்க வேண்டும் என்பது கமக்காரருக்கும் விளங்கும். கூட்டங்களில் “தண்ணீரை உடனே விடுங்கள்” என்று சத்தம் எழுந்தபோது, வரைபடம் போட்டு விளக்க ஒரு தமிழ்க் கட்டுரை கையில் இல்லையே என்று நான் பலமுறை வருந்தியிருக்கிறேன்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரில், இரணைமடுவுக்கு அண்மையிலேயே இயங்குகிறது. உயர்தரப் பெறுபேறு வந்ததும் அங்கு தெரிவாகும் பிள்ளைகளின் படங்களை நீங்கள் அக்கறையோடு வெளியிடுகிறீர்கள். அதே அக்கறையோடு, அங்குள்ள விரிவுரையாளர்களிடம் துரைராஜாவின் சமன்பாட்டை இணைந்த கணிதம் படிக்கும் மாணவருக்கு விளங்கும் அளவில் எழுதித் தரக் கேளுங்கள். அரைப்பக்கம் போதும், ஒரு வரைபடம் கட்டாயம் இருக்கட்டும். அடுத்த கட்டுரையாக, கட்டின் உட்சரிவு நீர் இறங்கும்போது வழுகுவதைப் பற்றி எழுதச் சொல்லுங்கள். அதை மாரி தொடங்குவதற்கு முன்பே வெளியிட்டால் கமக்கார அமைப்புகளின் கூட்டங்களில் வாசித்துக் காட்டலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர்,
திருவையாறு, கிளிநொச்சி.