சீட்டைப் படித்துப் பார்த்தவர் ஒரு நர்ஸ்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு விடியற்காலை ஜீப்பில் போய்வரும் பெண்களில் நானும் ஒருத்தி. 2021 செப்டம்பரில், காயெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தபோது, கொரோனா தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாதவர்களுக்கு வேலை கிடையாது என்று எங்கள் எஸ்டேட்டில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் சாப்பாட்டுத் தூக்கோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்த என்னைக் கங்காணி இறக்கிவிட்டார்.

தடுப்பூசிக்கு நான் விரோதி அல்ல. என் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு தவணை தவறாமல் போட்டவள். ஆனால் 2016இல் காலில் புண் வந்து பென்சிலின் ஊசி போட்டபோது, ஐந்து நிமிடத்தில் உதடு தடித்து, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் தவித்தேன். இனி இந்த மருந்து போடக்கூடாது என்று டாக்டர் சிவப்பு மையில் எழுதிக்கொடுத்த சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சுருக்குப் பையிலேயே வைத்திருக்கிறேன். ஊசி மருந்தால் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி போட வேண்டாம் என்று 2021 ஜனவரியில் மத்திய சுகாதார அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியிருந்தது. அப்படியிருக்க, நான் பயந்ததில் என்ன தவறு?

கங்காணியிடம் சீட்டைக் காட்டினேன். எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரிடம் காட்டினேன். இருவருமே கையில்கூட வாங்கவில்லை. ‘ஊசிக்குப் பயந்தவள்’ என்று ஜீப்பில் பேச்சானது. 40 நாள் வேலை போனது. நாளுக்கு 400 ரூபாய் கூலி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கினேன்.

கடைசியில் அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் சீட்டை வெளிச்சத்தில் பிடித்து முழுவதும் படித்துவிட்டு, “வேறு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா அம்மா?” என்று கேட்டார். டாக்டரிடம் கூட்டிப்போனார். இந்தத் தடுப்பூசியில் பென்சிலின் இல்லை, எதற்கும் அவசர மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே போடலாம் என்றார் டாக்டர். போட்டபின் ஒரு மணி நேரம் உட்காரவைத்து மூன்று முறை ரத்த அழுத்தம் பார்த்தார்கள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்தப் பதில் முதல் நாளே கிடைத்திருந்தால் முதல் நாளே போட்டிருப்பேன்.

2022 மே 2 அன்று, யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, உடல் மீதான உரிமை அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டையுமே நான் ஏற்கிறேன். இழந்த கூலியை எனக்கு யாரும் தரவில்லை.

பழைய கதையை இப்போது எழுதக் காரணம் என் மகள். போடியில் ஏலக்காய் பாக்கெட் போடும் இடத்தில் சேர்ந்திருக்கிறாள். உணவுப் பொருளைக் கையாள்பவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட வேண்டும் என்று படிவம் கொடுத்தார்கள். நியாயமான விதிதான், போட்டுக்கொண்டாள். ஆனால் படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தேன். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்க அதில் ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். ‘ஆம்’ என்று எழுதுபவரை அரசு டாக்டரிடம் அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை அவர் கூலியைப் பிடிக்கக்கூடாது. தேனி, இடுக்கி மாவட்டத் தொழிலாளர் துறை அதிகாரிகள் இதற்கு உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஏலத்தோட்டத் தொழிலாளி,
கம்பம்.