நெய்வேலி: ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

வணக்கம். வெளிநாட்டிலிருந்து பொங்கலுக்குக் கடலூர்ப் பக்கம் போய், நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் பாதரசம், ஃப்ளோரைடு இருக்கிறதா என்று பார்க்கத் தண்ணீர் மாதிரி எடுப்பவர்கள், கையில் கிடைத்த மினரல் வாட்டர் பாட்டிலில் பிடிக்காதீர்கள். பாதரசம் சாதாரண பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அளவு குறைத்துக் காட்டும். அதற்கு, ஆய்வகம் நைட்ரிக் அமிலம் விட்டுத் தரும் கண்ணாடி பாட்டில்தான். அலசிக் கொட்டிவிட வேண்டாம்! ஃப்ளோரைடுக்கு நேர்மாறு: பிளாஸ்டிக் மட்டும். மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள்.

நிலத்தின் சர்வே எண், தேதி, ஆழ்துளைக் கிணற்றின் (போர்) ஆழம் மூன்றும் லேபிளில் வேண்டும். ஆழம் ஏன்? அடிநீரின் அழுத்தத்தில் சுரங்கத் தரை பொங்காமலிருக்க, பழுப்பு நிலக்கரிக்குக் கீழுள்ள நிலத்தடி நீர் அடுக்கிலிருந்துதான் நீரை இறைக்கிறார்கள். மேல்கிணற்றையும் ஆழ்போரையும் ஒரே பட்டியலில் கலந்தால் அறிக்கை எடுபடாது. குடிநீர் வரம்பு: பாதரசம் லிட்டருக்கு 0.001 மி.கி., ஃப்ளோரைடு 1 மி.கி., வேறு நீர் இல்லாவிட்டால் 1.5.

சுரங்கம் பற்றிய ஆவணங்களைக் கேட்டு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு இங்கிருந்தே ஆன்லைனில் போடலாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் மட்டும், கட்டணம் 10 ரூபாய். "ஏன் இழப்பீடு தரவில்லை" என்று கேட்டால் தட்டிவிடுவார்கள். "இன்ன ஆவணத்தின் நகல்" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

குழுவில் யாரும் நிதி வசூல் தொடங்க வேண்டாம். வெளிநாட்டு உதவிக்குப் பொதுவில் பணம் திரட்ட, நாம் இருக்கும் நாட்டில் அனுமதி தேவைப்படலாம்.