உருவிய இழையை முழுதாக உருவ வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாயக்கதை நாவல் வரிசையிலிருந்து அமேசான் எடுத்த ‘தி வீல் ஆஃப் டைம்’ தொடர் மூன்று சீசனோடு நிறுத்தப்பட்டதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, “புத்தகத்தில் உள்ளதை அப்படியே எடுத்திருந்தால் தொடர் பிழைத்திருக்கும்” என்று முடிகிறது. நாவல் மீதுள்ள பற்றில் சொல்வதுதான். ஆனால் அதற்குக் கணக்கு இடம் கொடுக்காது.

ராபர்ட் ஜோர்டான் தொடங்கி, 2007இல் அவர் மறைந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் முடித்துவைத்த அந்த வரிசை மொத்தம் 14 தடித்த நூல்கள். அமேசான் ஒதுக்கியதோ சீசனுக்கு 8 எபிசோட். திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்பது தொழிலில் உள்ள பொதுக் கணக்கு. எபிசோட் ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் சீசனுக்கு 480 பக்கம். அதிலும் பாதி வெற்றுத்தாள். வசனம் நடுவில் ஒடுங்கித்தான் நிற்கும். ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் எழுதிய ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ முதல் நூலை ஒலிநூலாகக் கேட்டால் 33 மணி நேரத்துக்கு மேல் ஓடும். அதை எடுத்த முதல் சீசன், 10 எபிசோடும் சேர்த்து, ஏறத்தாழ ஒன்பதரை மணி நேரம். வெட்டாமல் யாராலும் எடுக்க முடியாது. வெட்டிய இடத்தில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பதுதான் முறை.

பேனாவைத் தொடுமுன் செய்ய வேண்டியது ஒரு அட்டவணை. அத்தியாயம் அத்தியாயமாக, யார், எங்கே, எந்த நாளில், அந்த அத்தியாயம் முடியும்போது எது மாறியிருக்கிறது என்று நான்கு பத்தி (நெடுவரிசை) போட வேண்டும். நான்காவது பத்தி காலியாக இருக்கும் அத்தியாயம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முதலில் போகும். மூன்றாவது பத்தியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் இரண்டாம் நூலில் ஒரு பாதி முழுக்க வீரன் அரகோர்ன் கூட்டத்தின் கதை, மறுபாதி முழுக்க நாயகன் ஃப்ரோடோவும் அவன் தோழன் சாமும். படிக்கும்போது இது சுகம். திரையில் ஒன்றரை மணி நேரம் நாயகனைக் காணவில்லை என்றால் அரங்கம் பொறுக்காது. அதைப் படமாக்கிய பீட்டர் ஜாக்சன் இரண்டையும் மாற்றி மாற்றிப் பின்னினார். அப்போது ஷெலோப் என்ற ராட்சதச் சிலந்தியின் காட்சி இரண்டாம் படத்திலிருந்து மூன்றாம் படத்துக்குப் போனது. ரசிகர்கள் கோபித்தார்கள். ஆனால் டோல்கீனே பின்னிணைப்பில் தந்த நாள்வரிசையைப் பாருங்கள்: இரண்டாம் படத்தின் உச்சமான ஹெல்ம்ஸ் டீப் போர் மார்ச் 3-4, சிலந்திக் குகை மார்ச் 12-13, மூன்றாம் படத்தில் வரும் பெலனோர் வெளிப் போர் மார்ச் 15. மூன்றாம் படத்தில்தான் அது அதன் நாளில் நிற்கிறது. ஃப்ரோடோவோடு கிளம்பிய வீரன் போரோமிரின் மரணம் இரண்டாம் நூலின் முதல் அத்தியாயம். அதை முதல் படத்தின் முடிவுக்கு இழுத்ததால் அந்தப் படத்துக்கு ஒரு முடிவே கிடைத்தது.

அடுத்தது பாத்திரங்களை ஒன்றாக்குவது. கைதவறுவது பெரும்பாலும் இங்கேதான். மார்ட்டினின் நூலில் மெலிசாண்ட்ரே என்ற மந்திரக்காரி தன் சடங்குக்குப் பயன்படுத்தும் அரச ரத்தம் எட்ரிக் ஸ்டார்ம் என்ற சிறுவனுடையது. தொடரில் அந்த வேலையைக் கெண்ட்ரி என்ற இன்னொரு பாத்திரத்துக்குக் கொடுத்தார்கள். இருவருமே ராபர்ட் மன்னனுக்குத் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள்; சடங்குக்கு வேண்டியது அந்த ரத்தம் மட்டுமே. தையல் தெரியவில்லை. அதே தொடரின் ஐந்தாம் சீசனில், ராம்சே என்ற கொடியவனுக்குக் கட்டிக்கொடுக்கப்படும் ஜெயின் பூலின் இடத்தில், ஸ்டார்க் குடும்பத்து மகள் சான்சாவை வைத்தார்கள். நூலில் ஜெயின், சான்சாவின் தங்கை ஆர்யா என்ற பொய்ப் பெயரில் அனுப்பப்படும் கேட்பாரற்ற பெண். அவளை யாரும் பலி கொடுக்கலாம். சான்சாவோ சூழ்ச்சிக்காரன் லிட்டில்ஃபிங்கர் கையில் இருக்கும் மிகப் பெரிய துருப்புச் சீட்டு. அதை அவன் ஏன் எதிரி வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான்? காட்சி அப்படியே வந்தது, காரணம் வரவில்லை. ஒருவர் வேலையை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது, அந்த வேலைக்கு அவரை அனுப்பும் மூன்றாம் ஆளின் நோக்கமும் பொருந்துகிறதா என்று சோதிக்க வேண்டும்.

பாதி வெட்டு இன்னும் மோசம். மார்ட்டினின் ஐந்தாம் நூலில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட இளவரசன் ஏகான் தான்தான் என்று சொல்லிக்கொண்டு அரியணைக்கு உரிமை கோரி வரும் இளைஞன் தொடரில் இல்லவே இல்லை. அதில் தவறில்லை. ஆனால் அவனோடு வரும் ‘கோல்டன் கம்பெனி’ கூலிப்படை மட்டும் எட்டாம் சீசனில் வந்து, நகர வாசலில் நின்று, டிராகன் நெருப்பில் கணநேரத்தில் அழிந்தது. இழையை உருவினால் முழுதாக உருவ வேண்டும். நுனி வெளியே தெரிந்தால் பார்ப்பவர் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் இருப்பார்.

மனவோட்டம் வேறு வகைச் சிக்கல். மார்ட்டினின் முதல் நூல், முன்னுரை நீங்கலாக, எட்டுப் பேரின் கண் வழியாக மட்டுமே நகர்கிறது. திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. முதல் சீசனில் ராபர்ட் மன்னனும் அவன் மனைவி செர்சியும் தனியே உட்கார்ந்து தங்கள் தோற்றுப்போன மணவாழ்க்கையைப் பேசும் காட்சி நூலில் இல்லை, இருக்கவும் முடியாது. அவர்கள் இருவருமே அந்த எட்டுப் பேரில் இல்லை. தொடரின் மிகச் சிறந்த காட்சிகளில் அதுவும் ஒன்று. மாறாக, ‘வீல் ஆஃப் டைம்’ செய்ததைப் பாருங்கள். நாயகனின் நண்பன் பெரின், தன் கையின் வன்முறையைக் கண்டு தானே அஞ்சுபவன். நூலில் அது பெரும்பாலும் அவன் மனதுக்குள் நடக்கிறது. அதை வெளியே காட்ட அவனுக்கு ஒரு மனைவியைப் படைத்து, முதல் எபிசோடிலேயே போர்க் குழப்பத்தில் அவன் கையாலேயே அவளைக் கொல்ல வைத்தார்கள். நோக்கம் சரி, விலை அதிகம். பின்னால் அவன் காதலி ஃபெயில் வரும்போது அந்தக் காதலின் மேல் இந்த மரணம் ஏறி உட்காருமே. இத்தனைக்கும் முதல் நூலிலேயே, ஓநாய் ஒன்று செத்துவிழுந்த ஆத்திரத்தில் பெரின் இரண்டு வெள்ளங்கி வீரர்களைக் கோடரியால் வெட்டிக் கொல்லும் இடம் தயாராகக் கிடக்கிறது. நூலைத் தேடியிருந்தால் புதிதாக எழுத வேண்டியிருந்திருக்காது.

எடுத்ததை நூல் படிக்காதவர்களுக்குப் போட்டுக் காட்டுவது மிக மலிவான சோதனை. 2009இல் எடுத்த ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ‘பைலட்’ எனும் சோதனை எபிசோடை அப்படிக் காட்டியபோது, ஜேமியும் செர்சியும் உடன்பிறந்தவர்கள் என்பதே பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. அது விளங்காவிட்டால் அவர்களுடைய தகாத உறவு வெளிப்படும் கடைசிக் காட்சிக்கு அர்த்தமே இல்லை. பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள்.

எழுத்தில் எவ்வளவு கவனம் இருந்தாலும் தயாரிப்புத் தரப்பில் அடி விழும் என்பதையும் சொல்ல வேண்டும். ‘வீல் ஆஃப் டைம்’ முதல் சீசனில் நாயகனின் இன்னொரு நண்பன் மேட்டாக நடித்தவர் ஆறு எபிசோடுக்குப் பிறகு இல்லை. கொரோனாவால் படப்பிடிப்பும் நின்றது. மற்றவர்கள் உள்ளே போகும் மந்திரப் பாதையின் வாசலில் மேட் மட்டும் நின்றுவிடுவதாகக் காட்டி, மீதியை மாற்றி எழுதினார்கள். முதல் சீசன் 2021 நவம்பரில், இரண்டாவது 2023 செப்டம்பரில், மூன்றாவது 2025 மார்ச்சில். இவ்வளவு இடைவெளியில் கிளைக்கதைகளைப் பார்ப்பவர் நினைவில் வைத்திருக்க முடியாது. அடுத்த சீசனின் எழுத்து வேலை முந்தைய சீசன் ஒளிபரப்பாகும் முன்பே தொடங்கியிருந்தால்தான் இது சுருங்கும்.

கட்டுரையாளர் சொல்வதுபோல் “அப்படியே எடுத்த” இடமும் இந்தத் தொடரில் உண்டு. நான்காம் நூலில் நாயகன் ரேண்ட் ருயிடியன் நகரத்துக்குள் நுழைந்து, தன் முன்னோர்களின் கண் வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிப் போகும் அத்தியாயங்களை, வரிசை மாறாமல் மூன்றாம் சீசனின் நான்காம் எபிசோடாக்கினார்கள். அந்த முன்னோர்கள் எல்லாராகவும் ரேண்டாக நடித்தவரையே ஒப்பனை மாற்றி நடிக்க வைத்தார்கள். ‘நான் இவர்களாக இருந்தேன்’ என்று நூல் பல பக்கங்களில் சொல்வது, ஒரே முகம் திரும்பத் திரும்ப வரும்போது வசனமே இல்லாமல் புரிகிறது. அந்த எபிசோட் வந்தது 2025 மார்ச்சில். மே மாதம் தொடரை நிறுத்திவிட்டார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி